தூக்கம் விலைக்குக் கிடைக்குமா?

திருவள்ளூருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? தூக்கத்தினால் வந்தது!

ஆச்சரியப்படாதீர்கள். தல புராணம் அப்படித்தான் சொல்கிறது. சாலிஹோத்திர முனிவரின் குடிலுக்குப் பெருமாள் ஒரு கிழவராக வந்தாராம். முனிவர் வைத்திருந்த மாவை வாங்கி உண்டார். உண்ட களைப்புத் தீரப் படுக்க வேண்டுமே! "எவ்வுள்?" என்று கேட்டார். படுப்பதற்கு எந்த இடம் என்று பொருள். முனிவர் தம் குடிலையே காட்டினார். அதுவே 'திருஎவ்வுள்' ஆகி, பிறகு திருவள்ளூர் ஆயிற்று என்பார்கள். இன்றும் அங்கே வீரராகவப் பெருமாள் படுத்த கோலத்தில்தான் காட்சி தருகிறார். அவருக்கு 'வைத்திய வீரராகவர்' என்றும் பெயர் உண்டு. படுத்திருப்பவரே வைத்தியர்! பொருத்தம்தான்.

இதே மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்குகிறார்கள், கம்பியாக இழுக்கிறார்கள், இன்னும் எத்தனையோ பொருள்களைச் செய்கிறார்கள். உலையை அடிக்கடி அணைத்து மூட்டினால் கட்டுப்படி ஆகாது. ஆகவே உலை எரிகிறவரை மனிதனும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் மட்டுமல்ல, பீகார், ஒடிசா முதலிய தூர தேசத்துத் தொழிலாளர்களும் அங்கே இரவு ஷிப்டு பார்க்கிறார்கள்.

காலையில் வேலை முடிந்து அறைக்குத் திரும்புகிறவரும், அன்று பெருமாள் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறார்: "படுக்க இடம் எங்கே?" ஓர் அறையில் பல பேர். ஒருவர் சமைப்பார், ஒருவர் கைப்பேசியில் பாட்டுக் கேட்பார். மேலே கொதிக்கும் கூரை. வெளியே கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளின் ஹாரன். தூக்கம் எப்படி வரும்?

"ஒரு மாத்திரை போட்டுக்கொள்" என்கிறான் நண்பன். அங்கேதான் ஆபத்து ஆரம்பமாகிறது.

உள்ளே ஒரு கடிகாரம்

சத்தம் மட்டுமே காரணம் அல்ல. நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. பொழுது சாய்ந்து இருட்டியதும் அது 'மெலட்டோனின்' என்ற பொருளைச் சுரக்கச் செய்து, உடலைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. பொழுது விடிந்ததும் "எழுந்திரு" என்கிறது. உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டறிந்ததற்காகவே 2017-ல் ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரவு வேலைக்காரர் காலையில் வெயிலில் வீடு திரும்புகிறார். கடிகாரம் "எழுந்திரு" என்கிறது. களைத்த உடல் "படு" என்கிறது. இந்த இழுபறியில் அவருடைய பகல் தூக்கம் சில மணி நேரம் குறைந்துவிடுகிறது. மறுநாள் விடியற்காலம் மூன்று, நான்கு மணிக்கு அவருக்குக் கண் சொக்குகிறது. எதிரே உருகிய இரும்பு! ஒரு நொடி கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரையின் கதை

தூக்க மாத்திரை நேற்று வந்ததல்ல. 1903-ல் ஜெர்மனியில் எமில் பிஷரும் ஜோசப் வான் மெரிங்கும் 'பார்பிட்டால்' என்ற தூக்க மருந்தை உலகுக்கு அறிவித்தார்கள். பணக்காரர்களும் கலைஞர்களும் இவ்வகை மருந்துகளுக்கு அடிமையானார்கள். அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். ஹாலிவுட் நட்சத்திரம் மர்லின் மன்றோ 1962-ல் மாண்டது இப்படிப்பட்ட மருந்தினால்தான்.

1957-ல் மேற்கு ஜெர்மனியில் 'தாலிடோமைடு' வந்தது. அபாயமே இல்லாத தூக்க மருந்து என்று விளம்பரம் செய்தார்கள். கர்ப்பிணிகளும் சாப்பிட்டார்கள். விளைவு? உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையுடன் பிறந்தன. 1961-ல்தான் அங்கே விற்பனையை நிறுத்தினார்கள்.

1963-ல் 'டயஸெபாம்' வந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இன்று பலருக்கும் தெரிந்த அல்பிரஸோலாம், குளோனஸெபாம் எல்லாம். முந்தியவற்றைவிட அபாயம் குறைவு என்பது உண்மை. ஆனால் அபாயமே இல்லை என்பது பொய்.

ஒன்று இரண்டாகும்

முதல் வாரம் ஒரு மாத்திரையில் தூக்கம் வரும். நாளடைவில் உடல் அதற்குப் பழகிவிடும். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். திடீரென்று நிறுத்தினாலோ, பழைய தூக்கமின்மை பல மடங்காகத் திரும்பும். சிலருக்கு வலிப்புக்கூட வரலாம். ஆகையால் நெடுநாள் சாப்பிட்டவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொற்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

மதுவோடு சேர்த்தால் மாத்திரை விஷமாகும். குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சுத் திணறுகிறவர்களுக்கும் அது ஆகாது. எழுந்த பிறகும் சில மணி நேரம் மயக்கம் தங்கும். அந்த மயக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா?

இதனால்தான் அரசாங்கம் இந்த மருந்துகளை 'எச்1' என்ற அட்டவணையில் சேர்த்து, 2014 மார்ச் முதல் விதியைக் கடுமையாக்கியது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்குகிறவர் பெயரையும் டாக்டர் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நண்பன் கொடுக்கும் மாத்திரைக்கு ஏது பதிவேடு?

பின் என்னதான் செய்வது?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் வைத்தியம் மாத்திரை அல்ல, பழக்கத்தைத் திருத்தும் பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் அறிவுரை கூறியது. இரவு வேலைக்காரர்கள் செய்யக்கூடியவை இவை:

வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி அணியுங்கள். ஜன்னலுக்குக் கனத்த துணி போடுங்கள். ஷிப்டின் பிற்பகுதியில் காபி, தேநீர் வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதன் வீரியத்தில் ஏறக்குறைய பாதி உடலில் இருக்கும். வேலைக்குப் புறப்படுமுன் சற்றுக் கண்ணயருங்கள். தூக்கம் வராவிட்டால் பாயில் புரளாமல், எழுந்து உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது படுங்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. 1982-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆலை ஒன்றில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளியானது. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி ஷிப்டை மாற்றினார்கள். வாரந்தோறும் மாற்றாமல் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றினார்கள். தொழிலாளர் மனம் மகிழ்ந்தது, உற்பத்தியும் கூடியது! இதற்குப் புது இயந்திரம் வேண்டாம். ஷிப்டு அட்டவணையைத் திருத்தி எழுதினால் போதும்.

குடும்பத்தாருக்கும் அறைத் தோழர்களுக்கும் பங்கு உண்டு. இரவெல்லாம் கண் விழித்தவர் பகலில் படுத்தால் சோம்பேறி அல்ல. அவருக்கு அதுதான் நள்ளிரவு! அந்த நேரத்தில் பாட்டை நிறுத்துங்கள். கதவை மெல்லச் சாத்துங்கள். மருந்துக் கடையில் கிடைக்காத தூக்கத்தை, காசில்லாமல் நீங்களே கொடுத்துவிடலாம்.