எழுபது வளைவு, ஒரு கார்: விர்டஸ் ஜிடியா, வெர்னா டர்போவா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த மாசம் அதிகமா வந்த கேள்வி இதுதான்: "பட்ஜெட் இருபது லட்சம். வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ், மாசத்துக்கு ஒரு தடவை மலை, வருஷத்துக்கு ரெண்டு தடவை ட்ராக். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி எடுக்கலாமா, ஹூண்டாய் வெர்னா டர்போ எடுக்கலாமா?" கேட்டவங்கள்ல நிறைய பேர் மலைன்னு சொன்னது கொல்லிமலையை. எனக்குச் சொந்த ஊரே அங்கதான், திருப்புலி நாடு. அந்த எழுபது கொண்டை ஊசி வளைவுல ஏறி இறங்கித்தான் வீட்டுக்குப் போகணும். அதனால இந்தக் கேள்வியை ரெண்டா பிரிச்சுக்கறேன். ட்ராக் ஒரு காரிடம் கேட்பது வேறு, மலை கேட்பது வேறு.

பேப்பர்ல யார் முன்னாடி?

2022 ஜூன்ல வந்த விர்டஸ் ஜிடியில் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் டார்க். 2023 மார்ச்ல வந்த வெர்னா டர்போவும் 1.5 லிட்டர்தான், 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர். டயர் அளவு ரெண்டுக்கும் 205/55 ஆர்16. டிக்கி ஒண்ணுல 521 லிட்டர், இன்னொண்ணுல 528. ஆக, பத்து பிஎஸ் வித்தியாசத்தை வச்சு மட்டும் முடிவு எடுக்காதீங்க. டிராஃபிக்ல அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ட்ராக் என்ன கேட்கும்?

தமிழ்நாட்டுல நமக்குக் கையெட்டுற தூரத்துல ட்ராக் இருக்கு. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை, சுமார் 3.7 கிலோமீட்டர். கோவை பக்கம் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். இந்த மாதிரி இடத்துல முதல்ல தளர்ந்து போறது இன்ஜின் இல்ல, பிரேக். நாலு லேப் முழு வேகத்துல சுத்தினா பேட் சூடாகும், பிரேக் ஆயில் கொதிக்க ஆரம்பிக்கும், பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி உள்ள போகும். டாட் 4 வகை ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கறது தர விதி. காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிட்டா அதே விதி 155 டிகிரிக்கு இறங்கிடும். ரெண்டு வருஷம் மாத்தாத ஆயிலோட ட்ராக்குக்குப் போறது ஆபத்து. எந்தக் கார் வாங்கினாலும் முதல் அப்கிரேடு எக்ஸாஸ்ட் இல்ல, புது பிரேக் ஆயிலும் நல்ல பேடும்தான்.

இந்த இடத்துல வெர்னாவுக்கு ஒரு சாதகம்: மேல் டர்போ வேரியன்ட்டில் பின்னாடியும் டிஸ்க் உண்டு. விர்டஸ் ஜிடி வந்தப்ப பின்னாடி டிரம். ஆனா முன்சக்கர டிரைவ் கார்ல பிரேக் வேலையில பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். ரெண்டு லேப் ஓட்டி ஒரு லேப் ஆற விடறவங்களுக்கு டிரம் தடையா இருக்காது. விடாம ஓட்டறவங்களுக்குத்தான் டிஸ்க்கோட அருமை தெரியும். திருப்பத்துல நம்பிக்கை தர்றது எனக்கு விர்டஸ்தான். ஸ்டியரிங் கனமா, பாடி கட்டுக்கோப்பா இருக்கு. வெர்னா நேர் ரோட்டுல பாயும், வளைவுல கொஞ்சம் சாயும்.

மலை என்ன கேட்கும்?

காரவள்ளியில இருந்து மேல ஏறும்போது உங்க முன்னாடி பெரும்பாலும் ஒரு பஸ் இருக்கும், இல்லன்னா பலாப்பழமோ அன்னாசியோ ஏத்தின வண்டி. வேகம் இருபது கிலோமீட்டர்தான். இப்ப சோதனை பிஎஸ்ஸுக்கு இல்ல, கிளட்சுக்கு. விர்டஸோட டிஎஸ்ஜி உலர் வகை இரட்டை கிளட்ச். ஊர்ந்து ஊர்ந்து ஏத்தத்துல போனா சூடேறும். வெர்னாவோட ஆட்டோமேட்டிக்கும் இரட்டை கிளட்ச்தான், ரெண்டுக்கும் அதே பக்குவம்: ஆக்சிலரேட்டரால வண்டியை ஏத்தத்துல நிறுத்தி வைக்காதீங்க, பிரேக்கைப் பிடிங்க. முன்னாடி போற வண்டி கொஞ்சம் தள்ளிப் போனப்புறம் நகருங்க. மாசாமாசம் மலை ஏறுற ஆள்னா மேனுவலே நிம்மதி. ரெண்டு கார்லயும் ஆறு கியர் மேனுவல் இருக்கு.

டர்போவோட அருமையும் இங்கதான். மேல போகப் போக காத்து மெலியும், சாதாரண இன்ஜின் அதைத் தாங்காம மூச்சு வாங்கும். டர்போ அந்தக் காத்தை அழுத்திக் கொடுக்கறதால ரெண்டு காரும் செம்மேடு வரைக்கும் சோர்வில்லாம ஏறும்.

இறங்கும்போது கதை மாறும். ஏறும்போது இன்ஜின் போட்ட உழைப்பெல்லாம் இறக்கத்துல சூடா மாறணும். பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா அந்தச் சூடு முழுக்க பேடுக்குப் போகும். ரெண்டாவது கியர்ல விட்டா இன்ஜினே பிடிக்கும். ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுக்கு மாத்திட்டு ரெண்டுல வைங்க. ஏறி வர்ற வண்டிக்கு முதல்ல வழி விடணும், இது விதியும்கூட.

இது ட்ராக் இல்லீங்க

ஊர்க்காரனா இதைச் சொல்லியே ஆகணும். அந்த வளைவுல கொட்டகை இல்ல, மார்ஷல் இல்ல, ஆம்புலன்ஸ் காத்திருக்கல. மிளகு மூட்டையோட நடக்கறவங்க இருக்காங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க இருக்காங்க, நாங்க இருக்கோம். பொதுச் சாலையில ரேஸ் ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவுப்படி மூணு மாசம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினா ஒரு வருஷம், 10,000. உங்க இன்சூரன்ஸும் ரேஸையும் வேகப் பரிசோதனையையும் விலக்கித்தான் எழுதியிருக்கும். ட்ராக்ல சுவர்ல இடிச்சாலும் அதே கதைதான். அந்தச் செலவையும் பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க.

காசு கணக்கு

அறிமுக எக்ஸ்-ஷோரூம் விலையை எடுத்துக்கிட்டா, விர்டஸ் ஜிடி 17.91 லட்சம். வெர்னா டர்போ மேனுவல் 14.84 லட்சத்துல ஆரம்பிச்சு, உச்ச ஆட்டோமேட்டிக் 17.38 லட்சம். கீழ் டர்போவுக்கும் ஜிடிக்கும் இடையில மூணு லட்சம். 10 முதல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு தமிழ்நாட்டுல வாழ்நாள் சாலை வரி 18 சதவீதம், ஆக அந்த இடைவெளியில வரியே இன்னும் 55,000 ரூபாய் சேரும். அந்தக் காசுல நாலு டயர், பேட், ஆயில், ரெண்டு ட்ராக் டே எல்லாம் வந்துடும்.

பாதுகாப்புல ரெண்டுக்கும் குளோபல் என்கேப் அஞ்சு ஸ்டார். ஆனா உள்ள படிச்சா, 2023 சோதனையில விர்டஸோட பாடி உறுதியானதுன்னும், வெர்னாவோடது உறுதி குறைஞ்சதுன்னும் குறிச்சிருக்காங்க. குடும்பத்தோட போறவங்க இதை ஸ்டாருக்குச் சமமா பார்க்கணும்.

யாருக்கு எது?

ட்ராக் ஆசை நிஜமா இருந்து, காசும் முக்கியம்னா வெர்னா டர்போ மேனுவல். மிச்சத்தை பிரேக்குக்கும் டயருக்கும் போடுங்க. வருஷத்துல முந்நூறு நாள் அப்பா அம்மா பின் சீட்டுல, மாசத்துக்கு ஒரு மலைன்னா விர்டஸ் ஜிடி மேனுவல். எங்க வீட்டுக்கு நான் சொன்னதும் இதைத்தான்.

டெஸ்ட் டிரைவுக்குப் போனா ஷோரூமைச் சுத்தி ரெண்டு சிக்னல் ஓட்டிட்டு வந்துடாதீங்க. ஏதாவது ஒரு மேம்பால ஏத்தத்துல நிறுத்திக் கிளப்பிப் பாருங்க. இன்னும் கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். கொல்லிமலைக்கு வாங்க, மெதுவா வாங்க.