தட்டினால் விட வேண்டும்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நெல்லிக்குப்பம் போகும் வழியெல்லாம் கரும்புக் கொல்லைகள். வெட்டு முடிந்த கொல்லை பையன்களுக்கு விளையாட்டுத் திடலாகிவிடும். பள்ளி விட்டு வந்ததும் செல்போனை வரப்பில் சாய்த்து வைத்து, அதில் ஓடும் சண்டைப் பாடத்தைப் பார்த்து ஒருவனை ஒருவன் தூக்கிப் போட்டுப் பழகுகிறார்கள். கராத்தே, ஜூடோ, ஐகிடோ என்று பெயர்களைச் சரியாகவே சொல்கிறார்கள். '7ஆம் அறிவு' படம் பார்த்தவர்கள், இதெல்லாம் நாம் கொடுத்ததுதான் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. அடி வாங்கிய தெருவில் பிறந்த பிள்ளை, தன் உடம்பைக் காக்கத் தெரிந்துகொள்ள நினைப்பது நியாயம். ஆனால் கீழே கிடப்பது கரும்பின் அடிக்கட்டை. அதை விட்டால் காலனியின் சிமெண்ட் சாலை. போனில் தெரிகிற ஜப்பான்காரர் விழுவது மெத்தையின் மேல் என்பதைப் பையன்கள் கவனிப்பதில்லை.

இந்த வாரம் அந்த மெத்தையைப் பற்றிப் பேசுவோம். ஆணவக்கொலையும் பஞ்சமி நிலமும் எழுதுகிற இடத்தில் ஐகிடோவா என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகளின் கழுத்தும் மணிக்கட்டும் இந்தப் பகுதிக்கு உரிய விஷயங்கள்தான் என்பது நம் எண்ணம்.

ஐகிடோவை உருவாக்கியவர் மொரிஹெய் உயேஷிபா. 1883இல் பிறந்து 1969இல் மறைந்தவர். எதிரி பாய்ந்து வரும் வேகத்தைத் தடுக்காமல், விலகித் திரும்பி, அந்த வேகத்தாலேயே அவரைச் சாய்ப்பது இந்தக் கலையின் அடிப்படை. குத்தும் உதையும் குறைவு. மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகியவற்றைத் திருப்பிப் பிடிக்கும் பிடிகளும், எறிதல்களும் அதிகம். பெரும்பாலான பிரிவுகளில் போட்டியும் பதக்கமும் கிடையாது. இதைப் பார்க்க டோக்கியோ போக வேண்டாம். பாண்டிச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லில் ஐகிடோ சொல்லித் தருகிறார்கள். காலையில் பேருந்து ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நம் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு தூரம் என்பது வேறு கணக்கு.

பயிற்சி நடக்கும் கூடத்துக்கு டோஜோ என்று பெயர். தரை முழுக்கச் சுமார் 4 செ.மீ. கனத்துக்கு மெத்தை விரித்திருக்கும். இதற்குத் தத்தாமி என்பார்கள். இப்போது இதை ரப்பர் நுரையில் செய்கிறார்கள். பழைய தத்தாமியின் உள்ளே இருந்தது என்ன தெரியுமா? நெல் வைக்கோல். நாம் அறுத்து, அடித்து, போர் போட்டு வைக்கிறோமே, அதே வைக்கோலைத்தான் இறுக்கித் தைத்து அவர்கள் தரையாக்கினார்கள்.

உள்ளே நுழையும்போதும் ஜோடி சேரும்போதும் குனிந்து வணங்க வேண்டும். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்தே நின்ற தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, குனி என்று யார் சொன்னாலும் எரிச்சல் வரும். வரத்தான் வேண்டும். ஆனால் டோஜோவில் குனிவது இரண்டு பேரும். ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு. ஆசிரியரும் மாணவருக்குக் குனிகிறார்.

பயிற்சியும் அப்படித்தான். தாக்குகிறவர் போல வந்து விழுபவர் உகே. எறிபவர் நாகே. வழக்கமாக நான்கு முறை இவர் எறிந்தால் அடுத்த நான்கு முறை அவர் எறிவார். எத்தனை வருடம் பழகியவராக இருந்தாலும் விழும் முறை வந்தால் விழ வேண்டும். ஒருவரே எப்போதும் எறிவது, இன்னொருவரே எப்போதும் விழுவது என்ற ஏற்பாடு அங்கே இல்லை. அந்த ஏற்பாட்டை நாம் வேறு இடத்தில் நிறையப் பார்த்திருக்கிறோம்.

விழுவதுதான் முதல் பாடம்

எறியக் கற்பதற்கு முன் விழக் கற்பதற்கு உகெமி என்று பெயர். நல்ல ஆசிரியர் முதல் சில வாரங்களை இதிலேயே கழிப்பார். "இன்னும் ஒண்ணுமே சொல்லித் தரல, சும்மா உருளச் சொல்றார்" என்று பிள்ளை வீட்டில் புலம்பினால், நல்ல வாத்தியார் கிடைத்திருக்கிறார் என்று பெற்றோர் சந்தோஷப்படலாம்.

பின்பக்கம் விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டி வைத்து, பார்வையை இடுப்புக் கச்சையின் முடிச்சில் நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் பின்மண்டை தரையில் மோதாது. கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. சைக்கிளிலிருந்து விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். உடம்பின் இயல்பு அது, பழகித்தான் மாற்ற வேண்டும். உருளும்போது தலை தரையைத் தொடாமல், ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக உருள வேண்டும். நேராக முதுகெலும்பின் மேல் உருண்டால் கழுத்துக்கு ஆபத்து. முதலில் உட்கார்ந்த நிலையில், பிறகு குந்திய நிலையில், கடைசியாக நின்றபடி. மூச்சை அடக்கிக்கொண்டு விழக் கூடாது, விட்டுக்கொண்டே விழ வேண்டும்.

இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானே சாட்சி. அங்கே பள்ளிகளில் ஜூடோ பழகியபோது, 1983 முதல் முப்பது ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலானவை தலைக்காயங்கள். செத்தவர்களில் நிறையப் பேர் புதிதாகச் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள். 2012இல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலை கட்டாயப் பாடமானபோது பிள்ளைகளை இழந்த பெற்றோர்கள்தான் பாதுகாப்பைக் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். ஐகிடோவும் விதிவிலக்கல்ல. ஷிஹோநாகே என்ற எறிதலில் கையை மடக்கித் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாய்ப்பார்கள். விழுபவருக்குத் தப்ப வழி விடாமல் வேகமாகச் செய்தால் பின்மண்டை நேராகத் தரைக்குப் போகும். ஜப்பானியக் கல்லூரி மாணவர்கள் இதனால் உயிரிழந்திருக்கிறார்கள். மெத்தை போட்ட கூடத்தில், ஆசிரியர் இருக்கும்போதே இப்படி நடந்திருக்கிறது. நம் பையன்கள் இதையே சிமெண்ட் சாலையில் செய்து பார்க்கிறார்கள்.

இரண்டு தட்டு

பிடிகளில் பழகும்போது வலி வரும். நிக்யோ என்ற மணிக்கட்டுப் பிடி சரியாக விழுந்தால் முழங்கால் தானாகத் தரையைத் தொடும். அந்த வலி எல்லையைத் தொட்டதும் பிடிபட்டவர் மெத்தையிலோ, தன் தொடையிலோ, பிடித்தவரின் உடம்பிலோ இரண்டு முறை தட்டுவார். கை சிக்கியிருந்தால் காலால் தட்டுவார், அல்லது வாயால் சொல்லுவார். தட்டிய நொடியில் பிடித்தவர் விட வேண்டும். ஏன் தட்டினாய், இன்னும் கொஞ்சம் தாங்க முடியாதா என்ற பேச்சே கிடையாது. டோஜோவில் இதை மீறுகிறவருக்கு ஜோடி கிடைக்காது. வலிக்கிறது என்று சொல்லும் உரிமை வலிப்பவருக்கு. அதைக் கேட்டு நிறுத்தும் கடமை பிடித்திருப்பவருக்கு. தீண்டாமை குறித்து இளையபெருமாள் குழு 1969இல் அறிக்கை தந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இன்னமும் நம் ஆட்கள் "விடுங்கய்யா" என்று சொன்னால் விடாத இடங்கள் இருக்கின்றன. பதினோரு வயதுப் பிள்ளை ஒன்று, இரண்டு தட்டில் எதிராளியை நிறுத்த முடியும் என்று உடம்பால் அறிந்துகொள்வது சின்ன விஷயமில்லை.

இந்தப் பயிற்சி தொடாமல் நடக்காது. மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், தோளில் சாய வேண்டும், அடுத்தவர் வியர்வை நம்மேல் பட வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்துக்கு இது பழைய கேள்வி. 1860களின் தொடக்கத்தில் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இங்கே வந்து தங்கினார். திருச்சபைக்குள் சாதியை விட்டுவைத்த லைப்சிக் மிஷனோடு ஒத்துப்போக முடியாமல் வெளியேறியவர் அவர். பிறகு டேனிஷ் மிஷன் அவரை ஏற்றுக்கொண்டது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் தொடலாமா என்ற வழக்கு இந்த ஊரில் அப்போதே பேசப்பட்டுவிட்டது. இன்று ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் ஒரு மெத்தையில் மாறி மாறி விழுந்து எழுந்தால், அதன் பயன் ஐகிடோவை விடப் பெரியது. ஜோடியை மாணவர்களே தேர்ந்துகொள்ள விடாமல் ஆசிரியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். விட்டுவிட்டால் யார் யாரோடு சேர்வார்கள் என்பது வகுப்பறை பெஞ்சிலேயே தெரியும்.

ஜப்பான் என்றதும் சமத்துவ நாடு என்று நினைத்துவிட வேண்டாம். உயேஷிபா கற்ற பழைய கலை, சாமுராய் மரபில் வந்த தக்கேதா சொக்காக்குவிடமிருந்து பெற்றது. வாள் ஏந்தும் உரிமை பிறப்பால் சாமுராய்களுக்கு. தோல் பதனிடுவதும் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் பிறப்பால் இன்னொரு மக்களுக்கு. புராக்குமின் எனப்படும் அவர்களை இழிநிலையிலிருந்து விடுவிப்பதாக 1871இல் அரசாணை வந்தது. சாமுராய்கள் பொது இடத்தில் வாள் அணிவது 1876இல் தடைசெய்யப்பட்டது. ஆணை வந்தும் இழிவு போகாததால் 1922இல் கியோட்டோவில் சூயிஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கத்தை அந்த மக்களே தொடங்கினார்கள். போர்க்கலை யார் கையில் இருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்ற கேள்வி எல்லா நாட்டிலும் உண்டு. நம் தெருக்களில் பறையோடு சேர்ந்து சிலம்பக் கம்பும் சுழன்றது. சிலம்பத்துக்கு 2021இல் தமிழக அரசு விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத வேலை ஒதுக்கீட்டில் இடம் தந்தது. கம்பு சுழற்றும் நம் வாத்தியார்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான களம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. தலைக்கவசம் இல்லாமல் கம்பு வீசிப் பழகுவதை வீரம் என்று நினைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அரிவாளோடு இருபது பேர் தெருவுக்குள் வந்தால் எந்தக் கலையும் காப்பாற்றாது. அப்போது ஓடத்தான் வேண்டும், பிறகு வழக்குப் பதியத்தான் வேண்டும். ஐகிடோ கற்றவன் கும்பலை வீழ்த்துவான் என்று யாராவது விளம்பரம் செய்தால் அவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

அரசுப் பள்ளிகளில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் வரிசையாக நிற்க வைத்துக் காற்றில் குத்தச் சொல்வதோடு பல இடங்களில் அது முடிந்துவிடுகிறது. கையைப் பிடித்து இழுப்பவனிடமிருந்து மணிக்கட்டை எப்படி விடுவிப்பது, தள்ளிவிட்டால் மண்டை அடிபடாமல் எப்படி விழுவது என்பவைதான் பெண்பிள்ளைகளுக்கு உண்மையில் உதவும். அதற்கு ஜோடிப் பயிற்சி வேண்டும், ஜோடிப் பயிற்சிக்கு மெத்தை வேண்டும். பெண் பயிற்சியாளர் இருந்தால் நல்லது. யாராக இருந்தாலும், தொட்டுத் திருத்தும் முன் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். பயிற்சி திறந்த இடத்தில், மற்றவர்கள் பார்க்க நடக்க வேண்டும். தனியாக வா, சிறப்புப் பயிற்சி தருகிறேன் என்பவரைப் பற்றி வீட்டில் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது.

"கராத்தே படிச்சா கை கால் ஒடிஞ்சிடும், வேணாம் சாமி" என்று சொல்லும் அம்மாக்களின் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு எலும்பு முறிவு என்பது ஒரு மாத வருமானம். அவர்கள் போய்க் கேட்க வேண்டியவை சிலதான். மெத்தை இருக்கிறதா? விழச் சொல்லித் தருகிறார்களா? தட்டினால் விடுகிறார்களா? அடிபட்டால் யார் பொறுப்பு? இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் மாஸ்டர் எத்தனை கறுப்புப் பட்டை கட்டியிருந்தாலும் வேண்டாம். பிள்ளை நகம் வெட்டி, தோடு வளையல் கழற்றி, தண்ணீர் பாட்டிலோடு போக வேண்டும். சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்போ அந்திக்குப் பிறகோதான் பழக வேண்டும்.

தலையில் அடிபட்டால் அன்று பயிற்சி முடிந்தது, அவ்வளவுதான். தூக்கக் கலக்கம், வாந்தி, தலைவலி கூடிக்கொண்டே போவது, பேச்சுக் குழறுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்தில் அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அது கூடாது. அசைக்காமல் படுக்க வைத்திருக்க வேண்டும். காயம்பட்டவர் மருத்துவர் சொன்ன பிறகே மெத்தைக்குத் திரும்ப வேண்டும்.

மெத்தைக்குப் பணம் எங்கே என்பார்கள். நுரை மெத்தை வரும்வரை வைக்கோல் இருக்கிறது. சாக்குகளில் மேடு பள்ளம் இல்லாமல் இறுக்கி அடைத்து, நெருக்கமாக அடுக்கி, மேலே கெட்டித் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினால் உட்கார்ந்தும் குந்தியும் விழுந்து பழகலாம். நின்று எறிவதற்கு அது போதாது. கபடிக்குச் செய்வதுபோல மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, கல் பொறுக்கிய களமும் தொடக்கத்துக்கு ஆகும். ஆனால் நம் பிள்ளைகளுக்கு வைக்கோலே போதும் என்று அதிகாரிகள் சொல்லிவிட இடம் தரக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தெருப் பெற்றோரும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், பயிற்சிக்கு மெத்தை வாங்க வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களும் இதையே மனுவாக எழுதி, நகலில் பெறப்பட்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.