வந்தால் பளிச், இல்லாவிட்டால் இருட்டு!
ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டிஜிட்டல் டெலிவிஷன் படும் பாடு

சென்னை டெலிவிஷன் நிலையம் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. சென்னையில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் சுமார் 40 கிலோ மீட்டர். ஒரகடமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தூரம் கூடினால் அலையின் வலு குறையும். அந்தக் காலத்தில் ஒருவர் மாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். "வருதா?" என்பார். "இல்லே, இன்னும் கொஞ்சம்!" என்று கீழே இருந்து குரல் வரும். கடைசியில் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். அது போதும் என்று இருந்தார்கள்.

புள்ளிப் படமும் போச்சு

2016-ம் ஆண்டு பிப்ரவரியில் தூர்தர்ஷன், சென்னை உள்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு வந்திருப்பதாக அறிவித்தது. கோபுரத்தில் இருந்து நேரே ஆன்டெனாவுக்கு வருவதுதான் இதுவும். ஆனால் அலை வலுவாக வந்தால் படம் பளிச். குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும். இன்னும் குறைந்தால் திரை இருட்டு. மங்கலாகப் பார்த்துக்கொள்ளும் பேச்சே கிடையாது. அலை எட்டியும் எட்டாமலும் இருக்கும் வீட்டுக்குத்தான் அடி.

பழைய டி.வி.க்கு இதற்கென்று தனிப்பெட்டியும் வேண்டும். கேபிள் பெட்டி உதவாது.

பழைய முறை டிரான்ஸ்மிட்டர்களை, சுமார் 50 தவிர, 2022 மார்ச்சு 31-ந் தேதிக்குள் நிறுத்துவதாக 2021-ல் பிரசார் பாரதி சொல்லிவிட்டது.

மாதக் கட்டணம் இல்லை

வாடகை அறையில் இருக்கும் கம்பெனித் தொழிலாளி என்ன செய்வது? 2004 டிசம்பரில் வந்த தூர்தர்ஷன் 'டிஷ்' திட்டம் இருக்கிறது. டிஷ்ஷும் பெட்டியும் ஒரு தடவை வாங்கினால் சரி. சேட்டிலைட்டில் இருந்து வருவதால் 40 கிலோ மீட்டர் ஒரு கணக்கே இல்லை. மாடியில் மாட்ட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். கன மழையில் மட்டும் படம் நின்று நின்று வரும்.