பாட்டும் உளியும்

ஒரு தேசத்தின் கவிதை அத்தேசத்துச் சிற்பியின் செவிக்கு எட்டாமற் போகுமானால், அதன் கலை பிறரைப் பார்த்து எழுதும் நகலாகவே முடியும். ஜயதேவரின் கீதகோவிந்தத்தைப் பஹாரிச் சித்திரகாரர்கள் 18-ம் நூற்றாண்டில் ஏடு ஏடாகத் தீட்டினார்கள்; உலகம் அதைப் போற்றுகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழ்ப் பாட்டு கல்லில் உருவெடுத்தது என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

திருவண்ணாமலைக்குச் செல்வோர் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தின் முன் நின்று நோக்குவோர்க்குத் தோன்றுவது அடியும் முடியும் உடைய ஒரு மலையே. பாடிய அடியார்களோ, அதனை அடிமுடி காணவொண்ணாத அழற்பிழம்பு என்றார்கள். திருஞானசம்பந்தர் இத்தலத்திற்கு அருளிய பதிகங்கள் 2. இரண்டிலும் 9-ம் பாட்டு, மாலும் அயனும் தேடித் தோற்றதையே கூறும். அவருடைய பிற பதிகங்களிலும் பெரும்பாலும் அந்தப் பாட்டுக்கு அதுவே பொருள். தலைமுறை தலைமுறையாக நாடு இதைக் கேட்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுவதற்கென்றே முதலாம் இராஜராஜன் 48 பேரை நியமித்தான் என்று கல்வெட்டு உரைக்கிறது.

கேட்ட சிற்பி என்ன செய்தான்? காணவொண்ணாததைக் கண்ணுக்குக் காட்டுவது எங்ஙனம்? சொல்லுக்குச் சொல் செதுக்க முயன்றிருந்தால் அவன் தோற்றே இருப்பான். அவனோ லிங்கத்தின் நடுவே நீள்வட்டமாக ஒரு பிளவைத் திறந்து, அதனுள் இறைவனை நிறுத்தி, முடியின் உச்சியையும் திருவடிகளையும் கல்லுக்குள்ளேயே மறைத்துவிட்டான். மேலே அன்னம், கீழே பன்றி. நம் கண் மேலேறிக் கல்லில் முட்டுகிறது. கீழிறங்கியும் கல்லில் முட்டுகிறது. அயனும் மாலும் பட்ட பாட்டை நாமும் ஒரு கணம் படுகின்றோம். பாட்டு சொல்லியதைச் சிற்பம் நம்மையே செய்விக்கிறது.

இவ்வுருவத்திற்குத் தேவாரம் ஒன்றே மூலம் என்று நாம் வாதிக்க வரவில்லை. புராணமும் ஆகமமும் உண்டு. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பல்லவர் காலத்திலேயே லிங்கோத்பவர் உண்டு. ஆயினும் கருவறையின் மேற்குக் கோட்டம் அவருக்கே உரியதென நிலைபெற்றது, தேவாரம் கோயில்தோறும் ஒலித்த சோழர் காலத்திலேயாம். திருவண்ணாமலையில் இன்றும் சிவராத்திரி நள்ளிரவில் லிங்கோத்பவருக்கு அபிஷேகம் நடைபெறுகிறது. பொய்ச்சாட்சி சொல்லி விலக்கப்பட்ட தாழம்பூவும் அன்று ஏற்கப்படுகிறது.

மற்றொரு சாட்சியும் உண்டு. 1931-ல் தஞ்சைக் கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால வர்ணத்தின் அடியில் சோழர் ஓவியங்கள் வெளிப்பட்டன. சுந்தரர் தடுத்தாட்கொள்ளப்பட்டதும், வெள்ளானை மீது கயிலை சென்றதும் அவற்றில் உள்ளன. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது அதற்கு 100 ஆண்டுகளுக்கும் பின்னரே. ஆகவே சுந்தரர் தம் பாட்டுக்களில் தாமே கூறியவையும், வழிவழி வந்த செய்தியுமே ஓவியனுக்கு ஆதாரமாயிருந்திருத்தல் வேண்டும்.

இன்று நிலை என்ன? ஓதுவார் பாடுகிறார், சித்திரகாரன் அங்கில்லை. சித்திரகாரன் எழுதுகிறான்; அவன் செவியில் பாட்டில்லை. திருப்பணி என்ற பெயரால் பழஞ்சிற்பங்களின் மேல் எண்ணெய் வர்ணம் பூசும்போது, உளியின் நுட்பமும் அதனுடன் பாட்டின் பொருளும் மறைகின்றன.

ரமணர் இம்மலையை விளித்துப் பாடிய அக்ஷரமணமாலையில் 108 கண்ணிகள் உள்ளன. அதன் உயிர் வருணனையன்று, நெஞ்சின் முறையீடு. மலையை மட்டும் வரைந்து கீழே அதன் பெயரை எழுதிவிட்டால் அப்பாட்டுச் சித்திரமாகிவிடாது. முறையீட்டுக்கு உருவம் காண்பவன் எவனோ அவனே லிங்கோத்பவரைச் செதுக்கியவனின் வாரிசு.

கலைக்கல்லூரிகளில் தூரிகையுடன் தேவாரமும் கற்பிக்கப்பட வேண்டும். கோயில் நிர்வாகிகள் வர்ணவாளியைக் கீழே வைக்க வேண்டும். வாலிபச் சித்திரகாரர்களே, முதலிற் கேளுங்கள், பின்னர் எழுதுங்கள்!