எப்பயிர் இலாபம் தரும்?

ஓய்வு பெறும் வயதை நெருங்கும் நம் அங்கத்தினர் பலர், ஊரிலுள்ள நிலத்தைக் குறித்து வினவுவது இதுவே. விடை தேடுமுன் ஈரோட்டு மஞ்சளின் கதையை அறிதல் நன்று.

2010ஆம் ஆண்டில் ஒரு குவிண்டால் மஞ்சள் 15,000 ரூபாய்க்கு மேல் விலை போயிற்று. அது கண்டு மஞ்சள் நட்டோர் அநேகர். 2012இல் விலை 4,000 ரூபாய் அளவுக்குச் சரிந்தது. மஞ்சளோ ஒன்பது மாதப் பயிர். விதைக்கிழங்கு, களையெடுப்பு, வெட்டுக்கூலி, வேகவைத்தல், மெருகிடல் என யாவற்றிற்கும் பணம் முன்னரே கைவிட்டுப் போய்விடும். நட்ட நாளின் விலையை நம்பியவர் விற்ற நாளில் திகைத்தனர்.

ஆகவே விலையைக் கேட்குமுன் நீரையும் ஆளையும் கேட்க வேண்டும். "தம்பி பார்த்துக்கொள்வான்" என்போர், அத்தம்பியின் உழைப்புக்குரிய பங்கைக் கணக்கில் எழுதுவதில்லை! தொலைவில் வாழும் நமக்குத் தென்னை ஏற்றது. ஆயினும் நெட்டை இரகம் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை ஊடே வாழை பயிரிடலாம். கோடையில் கிணறு வற்றும் ஊராயின் செடிமுருங்கையே தக்கது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 இரகம் ஆறு மாதத்திலேயே காய்க்கும். வரத்து மிகும் நாட்களில் அதன் விலையும் பறிகூலிக்குக் காணாது.