அஞ்சு வருஷக் கணக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குருபோங்கில் ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். அழைத்தவர் நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஓர் அக்கா. பால்மரம் சீவியவர், பிறகு செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கியவர். பந்தல் இல்லை, பத்திரிகை இல்லை. கோழிக்கறி, ரசம், பாயசம் என்று வீடே மணந்தது. பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாளோ என்று நினைத்து, "என்னக்கா விசேஷம்?" என்று கேட்டோம்.

"வைத்தியம் முடிஞ்சு இன்னியோட அஞ்சு வருஷம் தம்பி" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. அந்தத் தேதியை நாம் மறந்தே போயிருந்தோம்.

அக்காவுக்கு வந்தது வாய்ப் புற்றுநோய். நம் லயங்களில் அந்தப் பேரைச் சொல்ல மாட்டார்கள், "அந்த நோவு" என்பார்கள். கன்னத்தின் உட்புறம் ஒரு புண், மூன்று மாதமாய் ஆறவில்லை. பச்சிலை, உப்புத் தண்ணீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெரட்டுக்குப் போகும் முன் ஒரு வாய், பசியாறிய பின் ஒரு வாய் என்று வெற்றிலை பாக்குப் போட்டே வளர்ந்தவர். "பொகையில போட மாட்டேன், வெறும் பாக்குத்தானே?" என்பார். அந்த வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே அறிக்கை வெளியிட்டது. இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம்தான், அதிலும் நம் பெண்களிடம்தான் அதிகம் என்று டாக்டர்கள் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். கேட்டவர் யார்? நம் வீட்டிலும் வெற்றிலைத் தட்டு இருந்தது.

அறுவை முடிந்து, கோலாலம்பூரில் உறவினர் வீட்டில் தங்கிக் 'கரண்டு' வைத்துக்கொண்டார். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும். ஆறு வாரம், முப்பது தடவை. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் ஒவ்வொரு நாளும் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கடைசிக் கோட்டுக்கு மட்டும் மஞ்சள் தடவினாராம்.

அதோடு நிற்கவில்லை. எரிச்சலில்லாமல் ரசஞ்சோறு விழுங்கிய நாளுக்கு ஒரு கோடு. மாதாமாதம் வரச் சொன்ன டாக்டர், "இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்க" என்ற நாளுக்கு ஒன்று. இந்த நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் திரும்பும். அதனால்தான் முதலில் அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், பிறகு இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளி நீள நீள அக்காவுக்கு அது ஒரு தீபாவளி.

முதல் வருஷம் முடிந்தபோதே நாலு பேருக்குச் சோறு போடவேண்டும் என்றார். வீட்டில் ஒப்பவில்லை. "சொல்லிக்கிட்டு திரியாதே, கண்ணு பட்டுடும்" என்றார்கள். நாமும் அன்று, "அஞ்சு வருஷம் போகட்டும் அக்கா" என்று புத்தி சொன்னோம். அது தப்பு. அஞ்சு வருஷம் காத்திருக்கச் சொல்ல நாம் யார்? இரண்டாம் வருஷம் நம்மிடம் கேட்காமலேயே பாயசம் வைத்துவிட்டார்.

இன்னொரு கோடும் அந்தக் காலண்டரில் உண்டு. அது நம் சங்க வேலையைச் சேர்ந்தது. அவர் வேலை செய்த தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) ஆஸ்பத்திரியில் படுக்கவில்லையே என்று சொல்லி, கரண்டு வைத்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என்ன சொல்கிறது? ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டிய அளவுக்கு நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், எந்தக் காரணத்தால் படுக்காமல் இருந்தாலும் படுத்ததாகவே கணக்கு. டாக்டரிடம் அப்படி எழுதி வாங்கிக்கொண்டு மூன்று தடவை ஆபீசுக்கு நடந்தோம். கிராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் பணம் வந்தது. அந்த நாளையும் அக்கா விடவில்லை. 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் ஆஸ்பத்திரி விடுப்பு, சாதாரண நோய் விடுப்போடு சேராமல் தனியாக உண்டு என்பதைத் தோழர்கள் குறித்து வையுங்கள். வேலைக்கே போகமுடியாமல் போனவர்கள் சொக்சோவில் இயலாமைப் பென்ஷனுக்கு மனுச் செய்யலாம். அறுபது வயதுக்குள் எழுதிப் போடவேண்டும், சந்தாவும் சரியாகக் கட்டியிருக்க வேண்டும்.

நமது பூப்பந்து வீரர் லீ சோங் வெய்க்கு 2018-இல் மூக்குப் புற்றுநோய் கண்டது. வைத்தியம் பார்த்து மீண்டார். தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவேண்டும் என்று நாள் குறித்தார். ஆனால் உடம்பு இடம் கொடுக்கவில்லை, 2019 ஜூனில் கண்ணீரோடு விடைபெற்றார். அக்காவும் மீண்டும் பழம் பொறுக்கப் போவேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் முழுதாகத் திறக்கவில்லை, கழுத்து திரும்பவில்லை. போட்ட கோடுகளில் அது ஒன்று அழிந்தது.

சாப்பிட உட்காரும் முன் சாமி மேடையில் ஓர் இலை போட்டிருந்ததைப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன்னோடு சேர்ந்து நாள் எண்ணிய சிகாமட் பக்கத்து அம்மாளுக்காம். அவர் இரண்டாம் வருஷத்தைப் பார்க்கவில்லை. "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் முடிஞ்சுது. அவங்க இல்லாம எனக்கு மட்டும் எப்படி இலை போடறது?" என்றார் அக்கா.

கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார். நாக்கோரத்தில் புண், ஒரு மாதமாகிறதாம், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. ரெண்டு வாரத்துக்கு மேல் வாய்ப்புண் ஆறாவிட்டால் காட்டியாக வேண்டும். "தம்பி, நாளைக்குக் காலையில இவளை அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் வர்றேன்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் அக்கா கைப்பையோடு வாசலில் நின்றிருந்தார்.