இரண்டு விரல்

1979-ல் கோவை கணபதியில், எட்டுப் பேர் வேலை பார்த்த ஒரு பட்டறையில், அப்பாவின் வலக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பவர் பிரஸ்ஸில் போயின. தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுப்பதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது. கைக்கு முன்னால் இருக்க வேண்டிய தடுப்பை முதலாளி எப்போதோ கழற்றச் சொல்லியிருந்தார். தடுப்பு இருந்தால் பீஸ் குறையும்.

அவரே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் 1,500 ரூபாயும் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். அப்பாவுக்கு நன்றாகவே கையெழுத்துப் போட வரும். ஆனால் பேனா பிடிக்கும் விரல் இல்லை. கணக்குப்பிள்ளை அவருடைய இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, தாளின் அடியில் வைத்து எடுத்தார். நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாளின் மேல்பாதியில் ஒரு வரிகூட இல்லை.

“அவரு வீடு தேடி வந்ததே பெருசுங்க” என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். குறைந்த சம்பளத்தில் அதே பட்டறைக்கு வாட்ச்மேன் ஆனார்.

அன்றைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1923-ல் இயற்றிய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1924 ஜூலை முதல் நடப்பில் இருந்தது. தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று அதிலேயே இருந்தது. அந்த வெள்ளைத் தாளுக்கு மதிப்பே கிடையாது. 1975-லேயே உச்ச நீதிமன்றம், இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு நேர்ந்தது முழு ஊனம் என்று சொல்லியிருந்தது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கொடுபடவேண்டிய கடன் என்றும் சொன்னது. எங்கள் தெருவில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. மில் தொழிலாளிக்கு யூனியனும் ஈ.எஸ்.ஐ.யும் இருந்தன. பட்டறைக்காரனுக்கு முதலாளியின் மனசு ஒன்றுதான் இருந்தது.

இன்று அதே இரண்டு விரலுக்கு என்ன கிடைக்கும்? சட்டத்தின் அட்டவணை ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீத ஊனம் என்கிறது. இழப்பீட்டுக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பை 2010-ல் 8,000 ஆகவும் 2020-ல் 15,000 ஆகவும் உயர்த்தினார்கள். கணக்கில் வருவது 15,000 சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 9,000. முப்பது வயதுக்குச் சட்டம் தரும் காரணி 207.98. இரண்டையும் பெருக்கி அதில் 20 சதவீதம் எடுத்தால் 3,74,364 ரூபாய். அப்பா போன்றவருக்கு இது கடையோ வண்டியோ வைத்துப் பிழைக்கப் போதுமான முதல். ஈ.எஸ்.ஐ.யில் பதிந்தவர் என்றால் இந்தக் கணக்கு கிடையாது; சிகிச்சைக் காலத்தில் சம்பளத்தில் 90 சதவீதமும், நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் தொகையும் அங்கிருந்தே வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விரல் போனாலும் உண்டு. 2017 முதல், இழப்பீடு கேட்கும் உரிமை உனக்கு இருக்கிறது என்று வேலைக்கு எடுக்கும்போதே தொழிலாளிக்குச் சொல்வது முதலாளியின் கடமை. 2025 நவம்பர் 21-ல், இந்த உரிமைகளைத் தன்னுள் கொண்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 1923 சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது.

இவ்வளவும் இருந்தும், இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பையனைப் பார்த்தேன். ஒடிசாக்காரன், இருபத்திரண்டு வயது. அதே பவர் பிரஸ், அதே வலக்கை. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், “பைக்ல இருந்து விழுந்தேன்னு சொல்லு” என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அது பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு வேலையிடத்து விபத்து என்று நிரூபிப்பது பெரும்பாடு. நல்லவேளை, டியூட்டி டாக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு அவனிடமே திரும்பக் கேட்டார்.

அவனுக்காக இழப்பீடு கேட்டு மனு போட்டோம். “எங்க ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்” என்றது கம்பெனி. கான்ட்ராக்டர் வரவே இல்லை. அவருக்குக் கீழே வேறொருவர், அவருக்குக் கீழே ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தவர். அப்பா தன் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். இந்தப் பையனுக்குத் தன் முதலாளி யாரென்றே தெரியாது. அவன் கையில் இருந்தது போன் மட்டும்தான். பிரஸ் பக்கத்தில் நின்று எடுத்த வீடியோ ஒன்று, மாதாமாதம் ஒரே எண்ணிலிருந்து வந்த ஜிபே பணம், ஷிஃப்ட் போட்ட வாட்ஸ்அப் செய்திகள். அவைதான் அவனுக்குச் சாட்சி. கான்ட்ராக்டர் மூலம் எடுத்த ஆளானாலும் யாருடைய வேலைக்காக எடுத்தார்களோ அவர்தான் இழப்பீடு தரவேண்டும் என்பது 1923 சட்டத்திலேயே உண்டு. அதைச் சொல்லித்தான் வாதாடுகிறோம். ஒவ்வொரு விசாரணைக்கும் அவன் ஒடிசாவிலிருந்து ரயிலேறி வருகிறான். வழக்கு இன்னும் முடியவில்லை.

உங்கள் வீட்டில், தெருவில் யாருக்காவது வேலையிடத்தில் அடிபட்டால், ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லி எழுதச் சொல்லுங்கள். அந்த விபத்துப் பதிவேட்டின் நகலை, ஏ.ஆர். காப்பி என்பார்கள், கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மனுப் போட இரண்டு வருஷம்தான் கெடு. யார் வீடு தேடி வந்தாலும், எவ்வளவு அன்பாகப் பேசினாலும், வெள்ளைத் தாளில் கையெழுத்து மட்டும் போடவேண்டாம்.